ஒரு கணு போதும்

புதினா ஒரு கட்டாகத்தான் கிடைக்கும். துவையலுக்கு வேண்டியதோ ஒரு கைப்பிடி. எஞ்சியது ஈரத்துணியில் சுற்றப்பட்டோ, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைக்கப்பட்டோ இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். மூன்றாம் நாள் கருத்துக் குழைந்து குப்பைக் கூடைக்குப் போகும். அடுத்த வாரம் மீண்டும் ஒரு கட்டு. மீண்டும் பாதி குப்பைக்கு. இப்படி ஆண்டு முழுவதும் காசு கொடுத்து வாங்கி ஆண்டு முழுவதும் எறிந்துவிடும் பொருள்கள் நம் சமையலறையில் சில உண்டு. அவற்றுள் முதலிடம் தழைகளுக்கே.

தூக்கி எறியப்படும் அந்தத் தண்டுகளில் உயிர் இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இலையைக் கிள்ளி எடுத்த பின் கையில் எஞ்சும் ஒரு சாண் தண்டு, முறையாக நடப்பட்டால் ஒரு மாதத்தில் ஒரு செடியாகும். அச்செடி அடுத்த திங்களில் பத்துத் தண்டுகளைத் தரும். விதை வேண்டா, நாற்றங்கால் வேண்டா, விலை கொடுத்து வாங்கும் தொட்டியும் வேண்டா. உடைந்த பானையும் ஒரு பிடி மணலும் நிழல் விழும் ஒரு சன்னலும் போதும்.

"நாங்களும் வைத்துப் பார்த்தோம், வாடிப் போய்விட்டது. எங்கள் கை ராசி அப்படி" என்று சொல்வோர் பலர். கைக்கு ராசி உண்டு என்று நம்புவதில் யாருக்கும் பயனில்லை. வெட்டி நட்ட கிளை ஏன் பிழைக்கிறது, ஏன் சாகிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அக்காரணங்களுள் ஒன்றை மட்டும் அறிந்துகொண்டால் மற்றெல்லாம் தாமே விளங்கும். அந்த ஒன்றை முதலில் பார்ப்போம்.

வேரற்ற கிளையின் ஓட்டப் பந்தயம்

செடியின் இலைகள் இரவும் பகலும், பகலில் மிகுதியாக, நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. இழந்த நீரை வேர்கள் மண்ணிலிருந்து உறிஞ்சி ஈடு செய்கின்றன. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை செடி நிமிர்ந்து நிற்கிறது. கிளையை வெட்டியதும் என்ன நேர்கிறது? வரவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. வெட்டுவாய் வழியே சிறிதளவு நீர் ஏறினாலும், பல இலைகளின் தாகத்திற்கு அது போதாது.

ஆகவே நட்ட கிளைக்குள் ஒரு பந்தயம் நடக்கிறது. புதிய வேர் முதலில் தோன்றினால் கிளை பிழைக்கும். அதற்குள் இலைகள் உலர்ந்தாலோ, அடித்தண்டு அழுகினாலோ கிளை மடியும். நாம் செய்யக்கூடியது இவ்வளவே: உலர்தலையும் அழுகுதலையும் தாமதப்படுத்த வேண்டும், வேர் தோன்றுதலை விரைவுபடுத்த வேண்டும். இனி இக்கட்டுரையில் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு நோக்கங்களுள் ஒன்றைச் சேர்ந்ததே.

இந்த உண்மையை அறியாமையால்தான் அன்பு மிகுதியாலேயே கிளையைக் கொன்றுவிடுகிறோம். செடிக்கு வெயில் நல்லது என்று வெயிலில் வைக்கிறோம். வேரற்ற கிளைக்கு வெயில் நஞ்சு. செடிக்கு எரு நல்லது என்று எருவைக் கொட்டுகிறோம். உண்பதற்கு வேர் என்னும் வாய் இன்னும் முளைக்கவில்லை. எரு அடித்தண்டை அழுகச் செய்வதே மிச்சம். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றுகிறோம். மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றை நீர் வெளியேற்றிவிடுகிறது. வேர் தோன்ற நீர் வேண்டியதைப் போலவே காற்றும் வேண்டும். இவை போதாவென்று, வேர் விட்டதா எனப் பார்ப்பதற்காகச் சிலர் நாள்தோறும் பிடுங்கிப் பார்த்து நடுவர்! அரும்பும் வேர் மயிரிழையினும் மெல்லியது. ஒருமுறை அசைத்தாலே அறுந்துவிடும்.

வேர் எங்கிருந்து வருகிறது?

தண்டின் அடியில் வேர் முளைப்பது எப்படி என்னும் வினாவுக்கு விடை கிடைக்க அறிவியலுக்குப் பல்லாண்டுகள் ஆயின. 1880-இல் சார்லசு டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் இளம் புல் நாற்றுகள் ஒளியை நோக்கி வளைவதை ஆராய்ந்து, நுனியில் தோன்றும் ஏதோ ஒரு தூண்டுதல் கீழ்நோக்கிச் செல்கிறது என்று எழுதினார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஆய்வு செய்த பிரிட்சு வென்ட் என்னும் இளைஞர் அந்தத் தூண்டுதல் ஒரு வேதிப் பொருளே என்று காட்டினார். ஓட்சு நாற்றின் நுனியை வெட்டிக் கடற்பாசிக் கூழின்மேல் சிறிது நேரம் வைத்தார். பின் நுனி இழந்த நாற்றின்மேல் அந்தக் கூழ்த் துண்டை மட்டும் வைத்தார். நாற்று நுனியோடு இருந்ததைப் போலவே வளர்ந்தது. இந்த ஆய்வு 1928-இல் வெளியாயிற்று. அப்பொருளுக்கு ஆக்சின் என்று பெயர். சில ஆண்டுகளுக்குள், 1930-களின் நடுவில், இதே பொருள் வெட்டிய கிளைகளில் வேரும் தோன்றச் செய்யும் என்பது தெளிவாயிற்று.

இதிலிருந்து இல்லத்தில் நாம் பெறும் பாடங்கள் மூன்று. முதலாவது, ஆக்சின் நுனியிலும் இளந்தளிரிலும் உண்டாகி அடிநோக்கி இறங்கி, வெட்டுவாயில் சேர்ந்து வேரைத் தூண்டுகிறது. ஆதலின் கிளையில் இரண்டொரு இலையும் தளிரும் இருத்தல் வேண்டும்; எல்லாவற்றையும் உருவிவிடலாகாது. இரண்டாவது, கிளைக்கு மேல் கீழ் என்பது உண்டு; தலைகீழாக நட்டால் பயனில்லை. எது அடி என்று மறவாதிருக்க, அடியைச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டுவது தோட்டக்காரர் வழக்கம். மூன்றாவது, கடைகளில் விற்கும் வேர்த்தூள் என்பது பெரும்பாலும் இவ்வகை வேதிப் பொருள் கலந்த பொடியே. எளிதில் வேர் விடும் சமையல் தழைகளுக்கு அது தேவையில்லை; உண்ணும் செடிக்குத் தேவையில்லாததைப் போடாமலிருப்பதே நன்று.

கிளையைத் தெரிந்தெடுத்தல்

மிக இளந்தண்டு விரைவில் அழுகும். முற்றி மரமான தண்டு வேர் விடத் தயங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட, வளைத்தால் வளைந்து பின் ஒடியும் தண்டே சிறந்தது. பூத்த கிளையை விலக்குக; பூவுக்கும் விதைக்கும் தன் ஆற்றலைச் செலவிடும் கிளை வேருக்குக் கொடுப்பதில்லை. பூத்த கிளைதான் கிடைத்தது என்றால் பூவைக் கிள்ளி எறிந்துவிட்டு நடுக.

வெட்டும் நேரம் விடியற்காலை. இரவெல்லாம் நீர் உண்டு கிளை நிறைந்திருக்கும் வேளை அது. நண்பகலில் வெட்டிய கிளை பந்தயத்தைத் தொடங்கும்போதே களைத்திருக்கும். கத்தியோ, சவரத் தகடோ கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும்.

ஒரு விரல் நீளம் முதல் ஒரு சாண் நீளம் வரை போதும். இலை தண்டோடு சேரும் முடிச்சுக்குக் கணு என்று பெயர். அக்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. புதினா, வெற்றிலை போன்றவற்றில் வேர் கணுவிலிருந்தே எளிதாகப் புறப்படும். கீழ்க் கணுக்கள் இரண்டிலும் உள்ள இலைகளை அகற்றுக. நீரிலோ மண்ணிலோ புதையும் இலை அழுகித் தண்டையும் கெடுக்கும். நுனியில் நான்கைந்து சிற்றிலைகள் இருந்தால் போதும். இலை பெரிதாக இருப்பின் பாதியைக் கத்தரித்து விடலாம். செலவைக் குறைக்கும் வழி அது.

நீரிலா, மண்ணிலா?

நீரில் வைப்பதில் ஒரு நன்மை உண்டு: வேர் வருவதைக் கண்ணால் காணலாம், பிடுங்கிப் பார்க்க வேண்டிய சபலம் எழாது. குழந்தைகளுக்கு அது ஒரு பாடமும் ஆகும். கண்ணாடிக் குவளையில் இரண்டு விரல் உயரம் நீர் ஊற்றி, ஒரு கணுவாவது நீரில் மூழ்கும்படி கிளையை வைத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் போதும். ஆனால் நீரில் பிறந்த வேர் மென்மையானது. நீண்டு சடை போட விட்டால் மண்ணுக்கு மாற்றும்போது துன்புறும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்ததுமே மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும்.

மண்ணில் நேரே நடுவதாயின், வேர் விடும்வரை எருக் கலவாத மண்ணே ஏற்றது. மணலும் செம்மண்ணும் சரிபாதி. அல்லது மணலும் நன்கு மட்கிய தென்னை நார்க்கழிவும் சரிபாதி. நார்க்கழிவு மட்காததாயின் பலமுறை நீரில் அலசி உப்பையும் கறையையும் போக்கிய பின்னரே பயன்படுத்துக. பாத்திரத்தின் அடியில் துளை கட்டாயம். முதலில் ஒரு குச்சியால் குழி செய்து, அதில் கிளையை இறக்கி, மண்ணைச் சுற்றிலும் மெல்ல அழுத்துக. கிளையையே குத்தி இறக்கினால் வெட்டுவாய் சிதையும்.

நட்ட பின் ஒருமுறை நன்றாக நனைத்து, தொட்டியின்மேல் தெளிவான பாலிதீன் பையொன்றைக் குடைபோல் கவிழ்த்துவிடுக. உள்ளே ஈரக்காற்று தங்கும், இலை உலராது. நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் திறந்து காற்றாட விடுக. புதுத் தளிர் எட்டிப் பார்த்ததும் பையை ஒரே நாளில் எடுத்துவிடாமல், நாளுக்குச் சில மணி நேரமாகத் திறந்து பழக்குக. இந்தப் பையை வெயிலில் வைத்தல் கூடாது. உள்ளே கிளை வெந்துவிடும்.

மண்ணில் விரலை ஒரு கணுவளவு விட்டுப் பாருங்கள். ஈரம் தென்பட்டால் நீர் வேண்டா. நீர் ஊற்ற வேண்டிய நாளைச் சொல்வது விரலேயன்றி நாட்காட்டி அன்று. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் மட்டுமே கிடைக்கும் ஊர்களில், மழை நீரைச் சேர்த்து மூடிவைத்து இளங்கிளைகளுக்குப் பயன்படுத்துதல் நலம். உப்பு நீரில் இலையோரம் கருகும்.

காலத்தைப் பொறுத்தவரை ஆடி, ஆவணி மாதங்களும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் மார்கழி, தை மாதங்களும் நம் நாட்டில் ஏற்றவை. கத்திரி வெயிலில் புதிதாக நடுவதைத் தவிர்க்க.

செடிக்குச் செடி

புதினா: கடையில் வாங்கிய கட்டிலிருந்தே தொடங்கலாம். கருக்காத, நிமிர்ந்த தண்டுகள் நான்கைந்தைத் தெரிந்து நீரில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வேர் தெரியும். புதினா ஆழமாக அன்றிப் பக்கவாட்டில் ஓடும் செடி. ஆதலின் ஆழமான தொட்டியினும் அகன்ற தட்டுத் தொட்டியே அதற்கு உகந்தது. தோட்டத்தில் நேரே நட்டால் மற்றச் செடிகளின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் போதும். தண்டு நீண்டதும் அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் பக்கக் கிளைகள் அடர்ந்து எழும்.

கற்பூரவல்லி: ஓமவல்லி என்று சில ஊர்களில் அழைக்கப்படும் இச்செடி, தோட்டக்கலை அறியாதவர்க்கும் வெற்றி தருவது. சதைப்பற்றுள்ள தண்டு, தன்னுள்ளேயே நீரைத் தேக்கி வைத்திருக்கும். அதற்கு அபாயம் உலர்தல் அன்று, அழுகுதலே. ஆகவே வெட்டியதும் அரை நாளோ ஒரு நாளோ நிழலில் வைத்து, வெட்டுவாய் உலர்ந்த பின் நடுக. பாலிதீன் பை வேண்டா. நீரைக் குறைவாகவே ஊற்றுக.

துளசியும் திருநீற்றுப் பச்சிலையும்: இரண்டும் ஓரினத்தவை; விதையாலும் வரும், கிளையாலும் வரும். பூங்கதிர் தோன்றாத இளங்கிளையை நீரில் வைத்தால் வேர் விடும். கோடையில் குளிர்பானங்களில் ஊறவைத்துச் சேர்க்கும் சப்ஜா விதை, திருநீற்றுப் பச்சிலையின் விதையே. கதிர் தோன்றியவுடன் கிள்ளிவிட்டால் இலை பெருகும். கதிரை முற்றவிட்டால் செடி விரைவில் மூப்பெய்தும்.

பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும்: கீரைக்கட்டு வாங்கி இலையை ஆய்ந்த பின் எஞ்சும் தண்டுகளைக் கணுவோடு நறுக்கி ஈர மண்ணில் படுக்கவைத்து மெல்ல மூடினாலே போதும். பொன்னாங்கண்ணி ஈரத்தை விரும்பும். பசலை ஏறுவதற்கு ஒரு கயிறு கேட்கும்.

தூதுவளை: முள் நிறைந்த கொடி, கையுறையோ, மடித்த துணியோ கொண்டு கையாளுக. பென்சில் பருமனுள்ள முதிர்ந்த தண்டில் மூன்று நான்கு கணுக்கள் இருக்கட்டும். நிழலான இடத்தில் மண்ணில் நட்டால் தளிர்க்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் வழியில் வைத்தல் கூடாது.

பிரண்டை: இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டு போதும். கற்பூரவல்லியைப் போலவே வெட்டுவாயை உலரவிட்டு நடுக. துவையலுக்கு நுனியிலுள்ள இளந்தண்டையே எடுக்க வேண்டும். அதில் உள்ள நுண்ணிய ஊசி போன்ற படிகங்கள் கையையும் தொண்டையையும் அரிக்கச் செய்யும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நன்கு வதக்கிப் புளி சேர்த்து அரைப்பது நம் பாட்டிமார் கண்ட முறை.

எலுமிச்சைப் புல்: இது கிளை அன்று, தூர். அடிக்கிழங்குப் பகுதி சிதையாத தாள் ஒன்றை, மேலிலைகளைக் கத்தரித்துவிட்டு, நீரில் நிறுத்தினால் வேர் விடும். பெருந்தூரைப் பிரித்து நடுதல் அதனினும் எளிது.

முருங்கை: இடமுள்ள வீட்டுக்கு இதுவும் கிளையால் வருவதே. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் மணிக்கட்டுப் பருமனும் உள்ள போத்தை நட்டு, அதன் மேல்வாயில் பசுஞ்சாணத்தை உருட்டி வைப்பதை நம் ஊர்களில் காண்கிறோம். மேல்வாய் வழியாக ஈரம் வெளியேறாமல் காக்கும் மூடி அது. வேரற்ற கிளையின் செலவைக் குறைக்க வேண்டும் என்னும் உண்மையை ஏட்டறிவின்றியே நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் அன்றோ?

கிளையால் வாராதவை

எல்லாத் தழையும் இவ்வாறு வந்துவிடும் என்று எண்ணலாகாது. கறிவேப்பிலைக் காம்பை நட்டு ஏமாந்தவர்கள் ஊருக்குப் பலர். கடையில் கிடைக்கும் கறிவேப்பிலைக் 'குச்சி' பெரும்பாலும் கிளையே அன்று. பல சிற்றிலைகளைத் தாங்கும் ஒரு கூட்டிலையின் காம்பு. அதில் தளிர் எழுவதற்கான மொட்டு இல்லை. மெய்யான கிளையை வெட்டி நட்டாலும் வேர் விடுவது அரிது.

கறிவேப்பிலைக்கு வழி இரண்டு. ஒன்று, கருமையாகப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, மூன்று நான்கு நாட்களுக்குள் விதைத்தல். இதன் விதை நெடுநாள் உயிரோடு இராது. உலர்த்திச் சேமித்து வைத்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். மற்றொன்று, வளர்ந்த மரத்தைச் சுற்றி வேரிலிருந்து எழும் பக்கக் கன்றைப் பிரித்தல். கன்றை ஒரே நாளில் பிடுங்காமல், மழைக்காலத்தில் தாய் மரத்தோடு இணைக்கும் வேரை மட்டும் முதலில் வெட்டிவிட்டு, சில வாரங்கள் அது இருந்த இடத்திலேயே தன் காலில் நிற்கப் பழகிய பின் மண்ணோடு பெயர்த்தெடுத்தல் சிறந்தது.

பொறுமை வேண்டும், ஆனால் பயனும் உண்டு. இந்தியாவிலிருந்து செல்லும் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காகத் தனியே சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்தது. அயலார் சோதித்து உண்ணும் இலையை நாம் சோதிக்காமல் தாளிக்கிறோம். வீட்டு மரத்தின் இலைக்கு என்ன தெளிக்கப்பட்டது என்பதை வீட்டார் அறிவர்.

கொத்தமல்லி ஓராண்டுக்குள் வாழ்ந்து முடியும் செடி. வேரோடு வாங்கியதை நட்டால் சில நாள் பசுமையாக நின்று பூத்துவிடும், அவ்வளவே. அதற்கு விதையே வழி. முழு மல்லியை இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் ஒன்று இரண்டு வாரங்களில் முளைக்கும். வெந்தயக்கீரையும் அவ்வாறே, அது இன்னும் விரைவாக முளைக்கும்.

விழிப்பாயிருக்க வேண்டிய இடங்கள்

முதலாவது, கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரையே பெரிதும் நாடுகிறது. நாம் அழகாகச் சன்னலோரம் வைக்கும் கண்ணாடிக் குவளையும், தொட்டியின் கீழுள்ள தட்டும் அதற்கு உவப்பான தொட்டில்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை முற்றிலும் மாற்றுக. நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் குவளையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகா. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தொட்டித் தட்டுகளில் மணலை நிரப்பிவிடுக. ஒரு கிளைக்காக ஒரு குழந்தையைக் காய்ச்சலில் கிடத்தலாமா?

இரண்டாவது, பாத்திரம். வண்ணப்பூச்சு டப்பாவும் பூச்சிமருந்துக் குப்பியும் எவ்வளவு கழுவினாலும் உண்ணும் செடிக்கு உதவா. மண்பானை, தேங்காய்ச் சிரட்டை, உணவுப் பொருள் வந்த டப்பா ஆகியவை போதும்.

மூன்றாவது, அடையாளம். பெயர் உறுதியாகத் தெரியாத செடியிலிருந்து கிளை எடுத்து உணவில் சேர்க்கலாகாது. இலை ஒன்றுபோல் தோன்றும், குணம் வேறாயிருக்கும். அதனை உண்டு வளர்த்துப் பழகிய வீட்டிலிருந்தே கிளை பெறுக.

நான்காவது, மருந்து. கற்பூரவல்லிச் சாறும் துளசி நீரும் நம் வீடுகளின் பழைய துணைகள். அவற்றை இகழ வேண்டியதில்லை. ஆனால் ஓராண்டு நிறையாத குழந்தைக்கு எச்சாற்றிலும் தேன் கலந்து கொடுத்தல் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங்குடலில் நஞ்சை உண்டாக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா. காய்ச்சல் நீடித்தாலும், மூச்சு இரைத்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் தொட்டியை நோக்கி ஓடாமல் மருத்துவரிடம் செல்க.

இரண்டு வீட்டில் இருக்கட்டும்

கிளையால் வளர்ந்த செடி, தாய்ச்செடியின் பிள்ளை அன்று, தாய்ச்செடியே. விதையில் இரண்டு பெற்றோரின் குணங்கள் கலக்கும். கிளையில் கலப்பு இல்லை. பாட்டி வீட்டு ஓமவல்லியின் மணம் பேத்தி வீட்டிலும் அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுவே. மேலைநாட்டு மிட்டாய்களுக்கு மணம் தரும் மிளகுப் புதினா இரு வகைப் புதினாக்களின் கலப்பில் தோன்றியது. பொதுவாக விதை தராதது. ஒரு கை மற்றொரு கைக்குத் தண்டு கொடுத்து வந்ததாலேயே அது இன்றுவரை வாழ்கிறது.

இந்த நன்மைக்குள்ளேயே ஓர் அபாயமும் இருக்கிறது. எல்லாச் செடியும் ஒரே செடி என்றால், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். 1920-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மண்ணிலிருந்து பரவும் வாடல் நோய் ஒன்று மிளகுப் புதினா வயல்களில் தோன்றியது. வயல் முழுவதும் ஒரே செடியின் படிகளே நின்றமையால் எதிர்த்து நிற்கத்தக்கது அவற்றுள் எதுவுமில்லை. நோய் பரவப் பரவ அங்குப் புதினாப் பயிரே தளர்ந்தது.

நம் சன்னலோரத்துத் தொட்டிக்கும் இது பொருந்தும். ஒரே தொட்டியில் ஒரே செடியாக வைத்திருப்பவர், ஒரு வாரம் வெளியூர் சென்று திரும்பும்போது அதை இழந்திருப்பார். கிளை வேர் பிடித்ததும் இரண்டாக்குக. ஒன்றை அண்டை வீட்டுக்குக் கொடுக்க. உம்முடையது வாடினால் அங்கிருந்து மீண்டும் கிளை வரும். அவர்களுடையது பட்டால் இங்கிருந்து செல்லும். வாங்கும்போதும் ஒரே வீட்டிலிருந்து வாங்காமல் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து வாங்குக. ஒன்று நோய்க்கு ஆட்பட்டாலும் மற்றொன்று நிற்கக்கூடும். நோயுற்ற செடியின் கிளையை மட்டும் யாருக்கும் கொடுத்தல் கூடாது. கிளையோடு நோயும் செல்லும்.

முற்றத்தோடு கூடிய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வீட்டை இடிக்கும் நாளில் கட்டிலையும் அலமாரியையும் ஏற்றிச் செல்ல வண்டி வருகிறது. கிணற்றடியில் மூன்று தலைமுறை வாழ்ந்த தூதுவளைக்கும் பிரண்டைக்கும் வண்டி வருவதில்லை. அன்று ஒரு சாண் தண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் செல்ல ஒருவருக்குத் தோன்றியிருந்தால் அந்தச் செடி அக்குடும்பத்தோடு சென்றிருக்கும். எடுத்துச் செல்லத் தவறியிருந்தாலும், முன்னமே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தால் கேட்டுப் பெற ஓரிடம் இருந்திருக்கும்.

ஆகவே அன்பர்களே, இந்த வாரம் வாங்கும் புதினாக் கட்டில் நல்ல தண்டுகள் ஆறினைத் தனியே எடுத்து வையுங்கள். கணுவுக்குக் கீழே வெட்டுங்கள், கீழிலைகளைக் களையுங்கள், நிழலில், தூய நீரில் வையுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை குவளையைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள். ஆறில் நான்காவது வேர் விடும். இரண்டு உங்களுக்கு, இரண்டு எதிர் வீட்டுக்கு.